நாலு விரல் தள்ளி

ஜூன் 5, புதன்

இன்றைக்கும் முதுகுதான். முகத்தை யாரும் கேட்கவில்லை.

மருமகள் இந்தக் கைபேசியில் ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறாள். நான் பேசினால் அது எழுதிக்கொள்ளும். பள்ளிக்கூடத்து வாசலில் மழைக்குக்கூட ஒதுங்காதவன் நான், எழுதியது சரியா தப்பா என்று பார்க்கவும் தெரியாது. வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் கன்னாபின்னாவென்று எழுதுகிறதாம். "செய்தி வாசிக்கிறவங்க மாதிரி நிதானமா சொல்லுங்க மாமா" என்றாள். சொல்கிறேன். கோபம் வந்தால் அது பாடு.

ஓவியக் கல்லூரியில் பிள்ளைகள் பார்த்து வரைவதற்கு அசையாமல் உட்கார்ந்திருப்பது என் வேலை. மகன் பிறந்த வருஷம் அந்த மேடையில் ஏறினேன். பிள்ளைகள் என்னைச் 'சிலை ஐயா' என்பார்கள். களிமண்ணில் பிடித்த என் முதுகு ஒன்று நடைபாதையில் நிற்கிறது. அதன் தோளில்தான் எல்லோரும் பையை மாட்டுவார்கள். கழுத்து குனிந்திருந்தால் பை மாட்ட எவ்வளவு சௌகரியம்.

வகுப்பு முடிந்து சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். டீச்சர் வந்தார். சனிக்கிழமை பிற்பகலில் ஊர் ஜனங்களுக்கு ஒரு வகுப்பு தொடங்குகிறாராம். வரைவதும் ஆடுவதும் அடியில் ஒன்றுதான் என்று காட்டப்போகிறாராம்.

"எத்தன மணிக்கு வரணும்மா?" என்றேன்.

"உங்களுக்கு எதுக்கு ஐயா சிரமம், மூட்டு வலி வேற. ஒரு ஆட்டக்காரர் வர்றாரு."

சிரமமாம்.

ஜூன் 8, சனி

என் வீட்டுக்காரி அந்த வகுப்பில் சேர்ந்துவிட்டாள்!

காலமெல்லாம் தையல் மிஷினைத் தவிர வேறு எதையும் ஏறிட்டுப் பார்க்காதவள். வேலை செய்கிறவர்கள் வீட்டு ஆட்களுக்கு இலவசம் என்று மருமகள் எங்கேயோ கேட்டு வந்து, "அத்தை, சும்மாதானே இருக்கீங்க" என்று கிளப்பிவிட்டாள். எனக்குச் சொன்னது கடைசியில். செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"நானும் வர்றேன்" என்றேன்.

"நீங்க எதுக்கு?"

"பஸ்ஸுல எப்படிப் போவ?"

"இத்தன வருஷம் துணி வாங்க யாரு கூட்டிட்டுப் போனா?"

இருந்தாலும் போனேன். நடைபாதை பெஞ்சில், என் களிமண் முதுகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கதவு திறந்திருந்தது.

ஆட்டக்காரனுக்கு என் வயதுதான் இருக்கும். தலைமுடி முழுசாக இருக்கிறது. டீச்சர் பலகையில் எதையோ எழுதி வாயாலும் சொன்னார் — கோடு, வடிவம், ஒளி, நிழல், வெற்றிடம், சமநிலை, லயம். நான் கேட்டுக் கேட்டு அலுத்த பாட்டு. "கோடுன்னா என்ன, காட்டுங்களேன்" என்றதும் அவன் ஒரு கையை மெதுவாக நீட்டினான். நீட்டினது நின்ற பிறகும் கை போய்க்கொண்டே இருக்கிற மாதிரி இருந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள்.

எனக்கு யாரும் தட்டியதில்லை. அசையாதவனுக்கு எந்த இடத்தில் தட்டுவது?

ஜூன் 9, ஞாயிறு

அவளும் தட்டினாள். பார்த்தேன்.

ஜூன் 15, சனி

ஒரு நிமிஷத்துக்கு ஒரு நிலை. குனிவான், திரும்புவான், ஒற்றைக் காலில் நிற்பான். இவர்கள் அரக்கப் பரக்க வரைய வேண்டும். என் வீட்டுக்காரி பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டை விரலால் அவனை அளந்தாள். அது அளக்கிற முறை, எனக்கா தெரியாது? என்னை அப்படி அளந்த பிள்ளைகள் இன்றைக்குத் தாத்தா ஆகிவிட்டார்கள். ஆனாலும்.

கல்யாணமான நாளிலிருந்து ரெண்டு கண்ணாலும் என்னைப் பார்க்க நேரமில்லை இவளுக்கு. அவனுக்கு மட்டும் கண் அடிக்கிறாள்.

பஸ்ஸில் கேட்டேன், "எப்படி இருக்கான் ஆளு?"

"யாரு?"

"யாராம்! ஆட்டக்காரன்."

"தோள்பட்ட நல்லா எறங்கியிருக்கு. சட்டை தைச்சா சுருக்கமே விழாது."

என் சட்டையில் சுருக்கம் விழும். இடது தோள் சற்றுத் தூக்கல். அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

ஜூன் 22, சனி

இன்றிலிருந்து நீண்ட நிலை. வாரம் தவறாமல் அதே இருப்பு, அதே விளக்கு, ஒரே படம். ஆகஸ்டில் கண்காட்சி. வருகிற எல்லோர் படத்திலும் அவன்தான் இருக்கப்போகிறான்.

முக்காலியில் உட்கார்ந்து, ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி, முகத்தை விளக்குப் பக்கம் திருப்பியிருக்கிறான். டீச்சர் அவன் பாதத்தைச் சுற்றியும் முக்காலிக் கால்களைச் சுற்றியும் மஞ்சள் சாக்பீஸால் கோடு போட்டார். அந்தக் கோடுதான் எங்கள் தொழிலுக்கு உயிர். இளைப்பாற இறங்கினாலும், அடுத்த வாரம் வந்தாலும், கோட்டுக்குள் காலை வைத்துவிட்டால் போன தடவை இருந்த ஆளாகவே திரும்பிவிடலாம். நாலு விரல் தள்ளி உட்கார்ந்தால் போச்சு. தாடைக்கடியில் இருந்த நிழல் கழுத்துக்கு ஓடிவிடும், வரைந்தது பாழ். என் புதன்கிழமைக் கோடு வெள்ளை. குழம்பக் கூடாதென்று அவனுக்கு மஞ்சள். அந்த மேடையைக் கூட்டுகிறவர்கூட ஓரமாகத்தான் கூட்டுவார்.

டீச்சர் ஒவ்வொருவர் படமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் என் வீட்டுக்காரியிடம் நின்று சிரித்துவிட்டார். எல்லோரும் மூஞ்சியில் தொடங்கியிருக்க, இவள் தரையில் இருந்த சாக்பீஸ் கோட்டில் தொடங்கியிருக்கிறாள். ஆளே இல்லை, கோடுதான் இருக்கிறது.

"ஏம்மா, ஆளைக் காணோமே?"

"துணியில மொதல்ல கோடுதான் டீச்சர் போடணும். அப்பறந்தான் வெட்டணும்."

வகுப்பே சிரித்தது. ஆட்டக்காரனும் தூக்கிய கையோடு சிரித்தான். மேடையில் சிரிக்கலாமா? நான் ஒரு தடவை கன்னத்தில் குளவி நடக்க நடக்க உட்கார்ந்திருந்தவன்.

ஜூன் 26, புதன்

இன்றைக்கு என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளைக் காணோம். கேட்டால், சனிக்கிழமை வகுப்புக்கு மாற்றிக்கொண்டார்களாம். "அவரு உக்காந்திருந்தாலும் ஆடுற மாதிரியே இருக்கு ஐயா" என்றாள் ஒரு பெண். என்னிடமே சொல்கிறாள்.

ஜூன் 29, சனி

வீட்டில் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கிறாள். தூக்கிய கைக்கும் தலைக்கும் நடுவே ஒரு முக்கோணம் மாதிரி காலி இடம். அதைத்தான் வரைகிறாளாம்.

"ஒண்ணுமில்லாத எடத்தச் சரியா வரைஞ்சிட்டா, ஆளு தானா வந்துருவாராம். டீச்சர் சொன்னாங்க."

"அது வெற்றிடம். எனக்குத் தெரியும். என் அக்குள்ளயே எத்தனையோ பேரு வரைஞ்சிருக்காங்க" என்றேன்.

மருமகள் வாயில் இருந்த டீயைத் துப்பிவிட்டாள். இவள் சிரிக்கவில்லை. படத்தைவிட்டுத் திரும்பவும் இல்லை.

"என்னைய ஒரு தடவையாவது வரையணும்னு தோணிச்சா ஒனக்கு?" கேட்டே விட்டேன்.

"நீங்க எங்கயும் போயிடப் போறீங்களா?"

இது என்ன பதில்?

ஜூலை 3, புதன்

சொல்லத்தான் வேண்டுமா. இதற்கு யாரும் பதில் சொல்லப்போவதில்லை, சொல்லிவிடுகிறேன்.

வகுப்பு முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். மேடையில் வெள்ளைக் கோடு. பக்கத்திலேயே மஞ்சள் கோடு. என் மேடை. அவன் கால் எனக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரியே இருந்தது.

துண்டை நனைத்தேன். மண்டி போட்டேன், மூட்டு கத்தியது. துடைத்தேன். மஞ்சள் சாக்பீஸ் பலகைக்குக் கீழேயே இருந்தது. நாலு விரல் தள்ளி, கொஞ்சம் திருகலாக, திரும்பப் போட்டேன். பழையதை அப்படியே எடுத்து நகர்த்திய மாதிரி.

கை நடுங்கவில்லை. அதுதான் — கை நடுங்கவே இல்ல.

ஜூலை 6, சனி

நான் நினைத்தபடியே.

அவன் கோட்டுக்குள் பாதத்தை வைத்து உட்கார்ந்தான். கையைத் தூக்கினான். ஐந்து நிமிஷம் போயிருக்கும், முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் "மூக்கு நிழல் எங்க போச்சு?" என்றார். இன்னொருத்தர் "தோள் வேற மாதிரி இருக்கே". ஆளாளுக்கு ஒன்று. "இடது பக்கம் திரும்புங்க", "ஐயோ ரொம்பத் திரும்பிட்டீங்க". டீச்சர் குனிந்து கோட்டைப் பார்த்தார். பாதம் கோட்டுக்குள் கச்சிதமாக இருந்தது.

"கோட்டுல சரியாத்தான் இருக்காரு. அப்ப உடம்புதான் சாயுது" என்றார். கோட்டைச் சந்தேகப்பட யாருக்குமே தோன்றவில்லை. எங்கள் தொழிலில் தோன்றாது. ஆளை நம்பமாட்டோம், கோட்டை நம்புவோம்.

"மன்னிச்சிடுங்க. ஆடிப் பழகின ஒடம்பு, ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது" என்றான் அவன். முகம் சின்னதாகிவிட்டது.

பெஞ்சில் நான் இனிப்புச் சாப்பிட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் என் வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் ஆட்டக்காரனைப் பார்க்கவில்லை. தன் படத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். எழுந்து போய் மேடையருகே குனிந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

பஸ்ஸில் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜூலை 7, ஞாயிறு

சட்டைப் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டே சொன்னாள், தலை நிமிராமல்:

"எல்லாரும் கோடு போட்டா இடப் பக்கம் அழுத்தமா ஆரம்பிச்சு வலப் பக்கம் மெலிசா முடியும். இடது கைக்காரங்க போட்டா தலைகீழா இருக்கும்."

நான் இடது கைக்காரன். அவள் தைக்கிற கால்சட்டைகளுக்கெல்லாம் வெட்டுக் கோடு போட்டுக் கொடுத்தவன் நான். அவள் என் கோட்டின் மேல் வெட்டிய வருஷங்கள் எத்தனை! என் முகத்தை மறந்தாலும் அதை மறக்கமாட்டாள்.

"இப்ப என்னாங்கிற?" என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லல. சொன்னா உங்களக் காட்டிக் குடுத்தவ ஆயிடுவேன். சொல்லாட்டி அந்த மனுசன் தன்னையே திட்டிக்கிட்டுக் கெடப்பாரு. ரெண்டுல எதுங்கிறத நீங்களே முடிவு பண்ணுங்க."

அந்த மனுசன். பாருங்கள், அவனுக்குத்தான் வலிக்கிறதாம்.

ஜூலை 10, புதன்

பேச்சு வார்த்தை இல்லை. "மாமாகிட்ட மாத்திரை போட்டாச்சான்னு கேளு." "போட்டாச்சுன்னு சொல்லு." மருமகள் நடுவில் நின்று, "என்னைய விட்டுடுங்க, எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு" என்று கும்பிட்டாள்.

ஜூலை 13, சனி

இந்த வாரம் இன்னும் மோசம். கையைத் தூக்கிப் பிடித்தே தசை பிடித்துக்கொண்டு, முக்காலியிலிருந்து சரிந்து மேடையிலேயே உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கொடுத்தார்கள். கதவு வழியாக என்னைப் பார்த்தான். பார்த்து, கும்பிட்டான். எதற்குக் கும்பிட்டான்? நான் அசையாமல் இருப்பவன் என்றா?

அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு முதல் ஆளாக வெளியே வந்தாள். பஸ்ஸில் வேறு இருக்கையில் உட்கார்ந்தாள்.

ஜூலை 17, புதன்

டீச்சர் கேட்டுவிட்டார். "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. அவரால முடியல, வர்றதில்லைன்னு சொல்லிட்டாரு. கண்காட்சிக்கு நாள் இல்ல. நீங்களே உக்காந்து குடுத்துடுங்களேன். புதுசா ஆரம்பிச்சுக்கலாம்."

"மூட்டு வலியாச்சேம்மா" என்றேன். ஒரு தடவை சொல்லிப் பார்க்காமல் எப்படி விடுவது?

"உங்கள விட்டா யாரு ஐயா இருக்காங்க?"

இதைக் கேட்கத்தானே இவ்வளவும். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். அவளிடம் நேராகவே சொன்னேன், மருமகள் வழியாக இல்லை. "சனிக்கிழம நாந்தான் உக்காரப் போறேன். நீ வருவியா?"

"வராம?" என்றாள். பத்து நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

சிரித்த மாதிரிகூட இருந்தது. இல்லையோ?

ஜூலை 20, சனி

அசைந்துவிட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். சட்டையைக் கழற்றி மேடையேறினேன். முகம் வைக்கச் சொன்னார்கள், முதுகு இல்லை. தபால்காரர் "ஆஹா, பாறை மாதிரி" என்றார். கோடு போட்டார்கள், விளக்கைத் திருப்பினார்கள். பென்சில்கள் உரச ஆரம்பித்தன. அந்தச் சத்தம்தான் எனக்குக் கைதட்டல்.

என் வீட்டுக்காரி என் நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். தாள் வெறுமையாக இருந்தது. பென்சிலை எடுக்கவில்லை. ஒரு கண்ணை மூடி அளக்கவில்லை. கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, ரெண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கோபம் இல்லை. கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். துணியில் எங்கே பிசகு என்று பார்ப்பாளே, அப்படி. பார்க்க மாட்டாளா பார்க்க மாட்டாளான்னு காலமெல்லாம் காத்திருந்தேனே. இப்ப பாக்கறா, நான் எங்க போய் ஒளிய? மேடையில ஒளிய எடம் ஏது? கண்ண வேற பக்கம் திருப்பக் கூடாது. தொழில் அது. முதுகுல வேர்வை எறங்குது. குளவி நடந்தப்ப அசையாதவன் —

தலையைக் குனிந்துவிட்டேன்.

"ஐயா?" என்றார் டீச்சர். பென்சில் சத்தம் நின்றது.

"கோட்ட மாத்தினது நாந்தாம்மா. மஞ்சள் கோடு. நாலு விரல் தள்ளிப் போட்டேன். அந்த ஆளு சாயல, அவரு சரியாத்தான் உக்காந்தாரு."

தபால்காரர் தன் படத்தைத் திருப்பி வைத்தார். டீச்சர் முகத்தைப் பார்க்கும் தைரியம் வரவில்லை. சட்டையைத் தேடினேன். கைப் பக்கம் எது என்று தெரியவில்லை. அவள்தான் வந்து பிரித்துக் கொடுத்தாள். இடது தோளில் சுருக்கத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

ஜூலை 21, ஞாயிறு

ஆட்டக்காரன் வீட்டுக்குப் போனேன். தனியாகப் போகிறேன் என்றேன். சரி என்றாள். மாடியில் ஒரு அறை. சுவரில் பெரிய கண்ணாடி, அதற்கு மேல் போர்வை போட்டு மூடியிருந்தது.

சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன்.

முதலில் சிரித்தான். "மேடையில என் செருப்புக்குள்ள ஆணி போட்டவன்லாம் இருக்கான். நீங்க சாக்பீஸோட விட்டீங்க அண்ணே." அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "ஆனா ஆணி குத்தினா எவனோ வெச்சான்னு தெரியும். இது... என் ஒடம்பே என்னைய ஏமாத்துதுன்னு நெனச்சேன். கண்ணாடிய மூடி வெச்சிட்டேன், பாருங்க. இத்தன வயசுக்கு எனக்குன்னு இருக்கிறது இந்த ஒடம்பு நிக்கிற எடம் ஒண்ணுதான். அதுவும் தெரியாமப் போச்சோன்னு."

எனக்கு இருப்பதும் அது ஒன்றுதான். அதைச் சொல்லவில்லை. சொன்னால் பங்கு கேட்கிற மாதிரி இருக்கும்.

"என்ன செய்யணும் சொல்லுங்க" என்றேன்.

என்னிடமிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: "நா திரும்ப வர்றேன். கோட்ட நீங்கதான் போடணும், எல்லார் முன்னாடியும். வாரம் பூரா அத நீங்கதான் காவல் காக்கணும். எவனாவது துடைச்சா உங்களத்தான் கேப்பேன்."

கிளம்பும்போது கண்ணாடி மேலிருந்த போர்வையை ஒரு கையால் இழுத்துக் கீழே போட்டான். கண்ணாடியில் நாங்கள் இரண்டு பேர். அவன் தோள் நன்றாகத்தான் இறங்கியிருக்கிறது. அவள் சொன்னது பொய்யில்லை. எரிச்சலாகவும் இருந்தது.

ஜூலை 24, புதன்

புதன் வகுப்பு எனக்கு இல்லை. கண்காட்சி முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார் டீச்சர். அவர் சொன்னது நியாயம். வீட்டில் உட்கார்ந்து காஜா நூல் கோத்துக் கொடுத்தேன்.

ஜூலை 27, சனி

எல்லோர் முன்னாலும் மண்டி போட்டேன். பழைய இடம் எது என்று யாருக்கும் நிச்சயமில்லை. என் வீட்டுக்காரி படத்தில்தான் முதல் நாள் கோடு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். "இன்னும் கொஞ்சம். ஆங், அங்கதான்." போட்டேன். ஆட்டக்காரர் உட்கார்ந்தார். மூக்கு நிழல் வீட்டுக்கு வந்துவிட்டது என்றார் தபால்காரர்.

அவள் ஒரு கண்ணை மூடி அளக்க ஆரம்பித்தாள். எனக்கு எரியவில்லை என்று சொன்னால் இந்தக் கைபேசியே நம்பாது.

ஆகஸ்ட் 10, சனி

கண்காட்சி. மகன், மருமகள் எல்லோரும் வந்தார்கள். சுவர் முழுக்க ஆட்டக்காரர். கரியில், நீர்வண்ணத்தில், களிமண்ணில். எந்தப் பக்கம் திரும்பினாலும் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் களிமண் முதுகில் இன்றைக்கு மட்டும் யாரும் பை மாட்டவில்லை.

என் வீட்டுக்காரி படம் மூலையில் இருந்தது. ஆள் நன்றாக வந்திருக்கிறார், தோள் உட்பட. ஆனால் தரையில் இரண்டு கோடுகள் போட்டிருக்கிறாள். ஒன்றில் அவர் பாதம் இருக்கிறது. நாலு விரல் தள்ளி இன்னொன்று, அதற்குள் யாரும் இல்லை, காலியாக இருக்கிறது. அதைத் துடைக்காமல் விட்டிருக்கிறாள்.

யாரோ ஒரு அம்மா கேட்டார், "இது எதுக்குங்க ரெண்டு?"

"அங்க ஒருத்தர் இருந்தாரு" என்றாள் இவள்.

எல்லோரும் நகர்ந்த பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். அந்தக் காலிக் கோடு வலப் பக்கம் அழுத்தமாகத் தொடங்கி இடப் பக்கம் மெலிதாக முடிந்திருந்தது. அவள் வலது கைக்காரி. அப்படி ஒரு கோடு வர, என் கை போகிற வழியில் அவள் கையைத் திருப்பியிருக்க வேண்டும்.

ஆட்டக்காரர் பின்னால் வந்து நின்றார். "எப்படி அண்ணே, நல்லா இருக்கேன்ல?"

"சுமார்தான்" என்றேன். "கோடு நல்லா வந்திருக்கு."

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை வகுப்பு திரும்பத் தொடங்குகிறது. அவர் மேடையில், நான் தரையில். மஞ்சள் சாக்பீஸ் தீர்ந்துவிட்டது, கடைக்குப் போக வேண்டும். வெள்ளையும் ஒன்று வாங்கி வரச் சொல்கிறாள். எதற்கு என்றால் சொல்ல மாட்டேன் என்கிறாள். வீட்டு முக்காலியை மட்டும் ஜன்னலோரம், வெளிச்சம் விழுகிற இடத்தில், இழுத்துப் போட்டு வைத்திருக்கிறாள்.